மந்தைவெளி நாட்குறிப்பு: அந்த வாரத்து வெயில்

12 ஜனவரி 2022, புதன்

பத்து மணிக்கு இரவு ஊரடங்கு தொடங்கிவிட்டதால் தெருவில் ஓர் ஆட்டோச் சத்தம்கூட இல்லை. மாலை ஐந்தரை மணிக்கு, லண்டனில் அப்போது நண்பகல், பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதை நேரலையில் பார்த்தேன். 2020 மே 20 அன்று மாலை ஆறு மணிக்குப் பிறகு தம் அலுவலகமும் இல்லமுமான டவுனிங் தெரு 10-இன் தோட்டத்துக்குப் போய், ஊழியர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, 25 நிமிடத்தில் அறைக்குத் திரும்பியதாகவும், அதை அலுவல் நிகழ்ச்சி என்றே தாம் நம்பியதாகவும் அவர் சொன்னார். இரண்டு நாள் முன்பு வெளியான மின்னஞ்சலில் அலுவல் எதுவும் இல்லை. அவருடைய தனிச்செயலர் நூறு பேருக்கு மேல் அனுப்பிய அந்த அழைப்பு, வெயில் நன்றாக இருப்பதால் தோட்டத்தில் இடைவெளிவிட்டுக் கூடிக் குடிக்கலாம், அவரவர் மதுவை அவரவர் கொண்டுவாருங்கள் என்கிறது. அன்றைக்கு இங்கிலாந்தில் இருந்த விதிப்படி ஒருவர் தம் வீட்டைச் சேராத ஒரே ஒருவரை மட்டும், அதுவும் வெளியிடத்தில், சந்திக்கலாம்.

அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, மே 18 அன்று, அத்தானின் தகனம் நடந்தது.

அத்தான் லண்டனில் இருபத்திரண்டு ஆண்டுகள் பேருந்து ஓட்டினார். அந்த வசந்த காலத்தில் அங்கே பேருந்து ஓட்டுநர்கள் பலர் இறந்தார்கள். ஏப்ரல் நடுவில் காய்ச்சல் கண்டு, ஆம்புலன்ஸில் ஏறும்போது அக்காவிடம் கையசைத்தார். அதுதான் அவர்கள் நேரில் பார்த்துக்கொண்ட கடைசி முறை. பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்து ஏப்ரல் 30 அன்று இறந்தார். தகனத்துக்குப் பத்துப் பேருக்கு மட்டும் அனுமதி என்றார்கள். அம்மாவும் நானும் இங்கே கூடத்தில் அமர்ந்து கைப்பேசியில் பார்த்தோம். தகனக் கூடத்தின் கேமரா கூரையில் இருந்ததால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பத்துத் தலைகளும் நடுநடுவே காலி நாற்காலிகளும்தான். மகன் லெஸ்டரில் தனியாக வசிப்பவன் என்பதால் அவனுக்கும் அக்காவுக்கும் நடுவில் இரண்டு நாற்காலிகளைக் காலியாக விட்டிருந்தார்கள். அக்காவின் தோள் குலுங்கியபோது அவன் கையை நீட்டினான், எட்டவில்லை, அந்தக் கையை அவன் மெல்ல மடியில் வைத்துக்கொண்டான். "அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லேன் அந்தப் பிள்ளையை" என்று அம்மா திரையைப் பார்த்துச் சொன்னாள். யாரிடம் சொல்வது?

15 ஜனவரி 2022, சனி, மாட்டுப் பொங்கல்

அக்காவின் அழைப்பு வந்தது. பொங்கல் பொங்கியதா, கோயில்களை மூடிவிட்டார்களாமே என்றெல்லாம் கேட்டுவிட்டுச் சட்டென்று அந்தத் தோட்டத்துக்கு வந்தாள். "அந்த வாரம் வெயில் நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் நினைவிருக்கிறது. ஜன்னலைத் திறக்கக்கூட மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

நேற்று இன்னொரு செய்தியும் வந்திருக்கிறது. 2021 ஏப்ரல் 16 இரவு, இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்குக்கு முந்தின இரவு, டவுனிங் தெருவில் இரண்டு பிரிவுபசார விருந்துகள் நடந்தனவாம். கடையிலிருந்து மதுப் புட்டிகளைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தார்களாம். மறுநாள் விண்ட்சர் கோட்டைத் தேவாலயத்தில் எழுபத்து மூன்று ஆண்டு உடன் வாழ்ந்த கணவரை வழியனுப்ப, அரசி எலிசபெத் முகக்கவசத்துடன் ஒரு வரிசையில் தன்னந்தனியாக அமர்ந்திருந்த படத்தை உலகமே பார்த்தது. அரண்மனையிடம் பிரதமர் அலுவலகம் நேற்று மன்னிப்புக் கேட்டுவிட்டது.

நான் கோபத்தை எதிர்பார்த்தேன். அக்காவுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அவளை அரித்துக்கொண்டிருப்பது வேறொன்று என்பது இன்றுதான் எனக்குப் புரிந்தது. அத்தான் மருத்துவமனையில் இருந்த ஒன்பதாம் நாள் அவள் வார்டுக்குத் தொலைபேசி செய்து, ஐந்து நிமிடம் வந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள். தற்போதைய விதிப்படி முடியாது, மன்னியுங்கள் என்று செவிலியர் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். சரி என்று வைத்துவிட்டாள். "இரண்டாம் முறை நான் கேட்கவே இல்லை. விதி என்று சொன்ன பிறகு எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன். கேட்டிருந்தால், கத்தியிருந்தால், வாசலில் போய் நின்றிருந்தால் விட்டிருப்பார்களோ?" என்று இன்று என்னிடம் கேட்கிறாள். இருபது மாதங்களாக அவளுக்கு இந்தக் கேள்வி இருந்ததில்லை. தான் செய்தது சரி, ஊரே அப்படித்தான் இருந்தது, பிரதமரும் அப்படித்தான் இருந்தார் என்ற நம்பிக்கையில்தான் அவள் அந்த மரணத்தைச் சுமந்தாள். அவரே 2020 ஏப்ரலில் இதே நோயால் தேம்ஸ் கரையிலுள்ள புனித தாமஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவர் என்பதால் அந்த நம்பிக்கை இன்னும் உறுதியாக இருந்தது. இப்போது அந்த ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டார்கள். கணவரைக் கைவிட்டதாக அவள் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

இதற்கு எந்த மன்னிப்பு ஈடாகும் என்று எனக்குத் தெரியவில்லை.

16 ஜனவரி 2022, ஞாயிறு

முழு ஊரடங்கு. காணும் பொங்கலன்று மெரினாவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போகும் கூட்டத்தால் நிரம்பும் சாந்தோம் சாலையில் இன்று நாய்கள் மட்டும் படுத்திருந்தன.

நேற்று மார்க்கெட் முனையில் பூ விற்கும் அம்மாவுக்கு, முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்ததற்காக 500 ரூபாய் அபராதம் எழுதினார்கள். இந்த வாரம்தான் 200 என்பது 500 ஆகியிருக்கிறது. அவர் முறையிடவில்லை, சுருக்குப்பையை அவிழ்த்து, பத்தும் இருபதுமாக எண்ணி வைத்துவிட்டு, கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு மறுபடி பூத் தொடுக்கத் தொடங்கினார். விதி தவறென்று நான் சொல்லமாட்டேன். 2021 மே மாதம் ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசல்களில் வரிசையாக நின்றதைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் அதற்கு முந்தின மார்ச் மாதத்தில், சட்டமன்றத் தேர்தலுக்காக எல்லாக் கட்சிகளும் கூட்டிய கூட்டங்களில் மேடையிலும் கீழேயும் எத்தனை முகங்கள் மூடியிருந்தன? அந்த ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, அக்கூட்டங்களைத் தடுக்கத் தவறிய தேர்தல் ஆணையத்தின் மீது கொலை வழக்குகூடப் போடலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார். அது மிகக் கடுமையான சொல் என்று உச்ச நீதிமன்றம் பிறகு கருத்துத் தெரிவித்தது. கடுமைதான். ஆயினும் அன்று அந்தச் சொல்லைக் கேட்டபோது, நம் சார்பாக ஒருவராவது குரலை உயர்த்தினாரே என்று எங்கள் தெருவில் பலருக்கும் நெஞ்சு சற்று ஆறியது உண்மை.

ஆகவே அக்காவின் நாட்டை மட்டும் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. வேறுபாடு ஒன்று உண்டு. இங்கே தலைவர்கள் விதிக்கு அடங்குவார்கள் என்று நாம் முன்பே நம்பவில்லை; அங்கே நம்பியிருந்தார்கள். நம்பியவர்களின் கோபம் வேறு மாதிரி எரிகிறது.

1 பிப்ரவரி 2022, செவ்வாய்

டவுனிங் தெருக் கூடுகைகளை விசாரித்த உயரதிகாரி சூ கிரேயின் இடைக்கால அறிக்கை நேற்று வந்தது. பதினாறு கூடுகைகள், அவற்றில் பன்னிரண்டைக் காவல்துறை விசாரிக்கிறது. "எண்ணிக்கை எனக்கு எதற்கு?" என்று அக்கா ஒரே வரியில் செய்தி அனுப்பியிருக்கிறாள்.

13 ஏப்ரல் 2022, புதன்

மார்ச் 27 முதல் வெளிநாட்டு விமானங்கள் முன்போல் ஓடத் தொடங்கியதால் அக்கா இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். அஸ்தியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். தகன மையத்தில் கொடுத்த பச்சை நிற பிளாஸ்டிக் குடுவை, அதன் மேல் ஓர் எண் ஒட்டிய தாள். இரண்டு ஆண்டு அலமாரியில் அத்தானின் பேருந்துப் பணி அடையாள அட்டைக்குப் பக்கத்தில் இருந்ததாம். அம்மா அதைப் பார்த்ததும் பேசாமல் உள்ளே போய்ச் செம்பு ஒன்றைப் புளிபோட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

நேற்று மாலை தொலைக்காட்சியில் செய்தி. பிரதமருக்கும் அவர் மனைவிக்கும் நிதியமைச்சர் ரிஷி சுனக்குக்கும் காவல்துறை அபராதம் விதித்திருக்கிறது. பதவியில் இருக்கும் பிரிட்டன் பிரதமர் ஒருவர் சட்டத்தை மீறியதாக முடிவுகட்டப்படுவது இதுவே முதல் முறை. 50 பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ 5,000 ரூபாய். குற்றம், 2020 ஜூன் 19 அன்று அமைச்சரவை அறையில் நடந்த பிறந்தநாள் கூடுகை.

அந்தத் தேதியைக் கேட்டதும் எழுந்துபோய் என் பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அன்றுதான் சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் பன்னிரண்டு நாள் முழு ஊரடங்கு தொடங்கியது. ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கி வைத்ததை எழுதியிருக்கிறேன். அதே நாள் மாலைதான் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 22ஆம் தேதி மகன் இறந்தார். 23ஆம் தேதி தந்தை இறந்தார். காவலர்கள் ஒன்பது பேர் மீதான கொலை வழக்கு மதுரையில் நடந்துகொண்டிருக்கிறது. ஒரே தொற்று, ஒரே தேதி, ஊரடங்கு என்ற ஒரே சொல். நாற்காலிக்கு ஏற்ப அதன் எடை எவ்வளவு மாறிவிடுகிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு இரவு உறக்கம் வரவில்லை. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு இருக்கும் பாரம் போதும்.

30 ஏப்ரல் 2022, சனி, அமாவாசை

பட்டினப்பாக்கம் கடற்கரையில் அஸ்தி கரைத்தோம். மகன் விடுப்பு எடுத்து வந்திருந்தான். சாஸ்திரிகள் இறந்த தேதியைக் கேட்டார். அக்கா ஏப்ரல் 30 என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, தகனம் மே 18 என்றும் சொன்னாள். மகன் முழங்கால் அளவு நீரில் இறங்கிச் செம்பைக் கவிழ்த்தான். அலை ஒருமுறை எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்து அவன் காலில் தேய்த்துவிட்டுப் போயிற்று. கரையேறியதும் அக்கா அவனைக் கட்டிக்கொண்டாள். ஈர வேட்டியோடு அவன் வெகுநேரம் அப்படியே நின்றான். நாங்கள் தள்ளி நின்றுகொண்டோம்.

26 மே 2022, வியாழன்

சூ கிரேயின் முழு அறிக்கை நேற்று வெளியாயிற்று. காவல்துறை விசாரணை சென்ற வாரம் முடிந்தபோது 83 பேருக்கு 126 அபராதங்கள் என்று கணக்கு வந்திருந்தது. அறிக்கையை நானும் இணையத்தில் படித்தேன். ஊர் திரும்பிவிட்ட அக்கா தொலைபேசியில் ஒரே ஓர் இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பேசினாள். 2020 டிசம்பரில் நடந்த ஒரு விருந்துக்கு மறுநாள் காலை அறைக்குள் போன துப்புரவுப் பணியாளர், ஒரு சுவரிலும் நகலெடுக்கும் காகிதப் பெட்டிகள் மீதும் சிவப்பு மது சிந்தியிருந்ததைக் கண்டாராம். துப்புரவுப் பணியாளர்களையும் பாதுகாவலர்களையும் அங்கே மரியாதைக் குறைவாக நடத்தியதும் அறிக்கையில் இருக்கிறது.

லண்டன் போன புதிதில் அக்கா ஒன்பது ஆண்டுகள் அலுவலகங்களில் விடியற்காலைத் துப்புரவு வேலை பார்த்தவள். "சுவரில் காய்ந்த கறை வெறும் தண்ணீருக்குப் போகாது. அந்தப் பெண் எத்தனை மணிக்கு எழுந்து, எந்தப் பேருந்தில் வந்திருப்பாள்?" என்றாள். பேருந்து என்று சொன்னதும் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

8 ஜூலை 2022, வெள்ளி

நேற்று ஜான்சன் பதவி விலகுவதாக அறிவித்துவிட்டார். உடனடிக் காரணம் வேறு: புகாருக்கு ஆளான ஒருவரைக் கட்சிப் பதவியில் அமர்த்தியதும், அதுபற்றி உண்மை சொல்லாததும், அதனால் அமைச்சர்கள் கூட்டம் கூட்டமாக விலகியதும். ஆனால் சென்ற மாதம் அவர் கட்சியினரே 148 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தபோதே அடித்தளம் ஆடிவிட்டது; அதை ஆட்டியதில் அந்தத் தோட்டத்துக்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்லமுடியாது.

அக்காவுக்கு மகிழ்ச்சியா என்று கேட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. காலையில் நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் உள்ள நினைவுச் சுவருக்குப் போய் வந்ததைச் சொன்னாள். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு இதயமாக, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களைக் குடும்பத்தினரும் தன்னார்வலர்களும் கையால் வரைந்த சுவர் அது. புனித தாமஸ் மருத்துவமனையை ஒட்டி ஆற்றங்கரையில் நீள்கிறது. சென்ற ஆண்டு அத்தானின் பெயரை அவள் தமிழில் எழுதியிருந்தாள். வெயிலிலும் மழையிலும் எழுத்து வெளிறிப்போயிருந்ததாம். கொண்டுபோன பேனாவால் அதன் மேலேயே எழுதிக்கொண்டு வந்தபோது கடைசி எழுத்துக்கு மை தீர்ந்துவிட்டது. பக்கத்தில் வேறொரு பெயரைத் தீட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் தம் பேனாவை நீட்டியிருக்கிறார். புள்ளியை வைத்து முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம்.

"வார்டில் அந்தச் செவிலியர் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன்" என்றாள் பிறகு. "அவரும் விதியைத்தான் சொன்னார். அவர் என்ன செய்வார், பாவம்."

அம்மா போனை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.