ஸ்வீடன் ஊர்ப்பெயர்களின் ஈறுகளுக்கு நிறம் தீட்டிப் பார்த்தது

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்தின் தரவிலிருந்து ஸ்வீடன் நாட்டு ஊர்ப்பெயர்களைப் பிரித்தெடுத்து, ஈற்றுக்கு ஒரு நிறமாக வரைபடத்தில் புள்ளியிட்டு வருகிறேன். எந்தக் காலத்தில் எப்பகுதியில் மக்கள் குடியேறினர் என்பதை நிறங்களே காட்டிவிடும் என நம்பித் தொடங்கிய வேலை இது.

தொடக்கத்தில் நம்பிக்கை வீண்போகவில்லை. க்னீவ்ஸ்டா, போல்ஸ்டா போல ‘ஸ்டா’ என முடிபவற்றுக்கு மஞ்சள் கொடுத்ததும் அவை மேலாரென் ஏரியைச் சுற்றி மொய்த்தன. இருப்பிடத்தைக் குறித்த பழஞ்சொல்லின் பன்மை வடிவம் அது. அப்பெயர்களில் பெரும்பாலானவை இரும்புக் காலத்தவை. அளந்து பிரித்த நிலத்துண்டைக் குறிக்கும் ‘மோலா’, தென்கிழக்கே ஸ்மோலாந்திலும் அதற்குத் தெற்கிலும் குவிந்தது. அங்குள்ள மூஸ்ஹுல்டமோலா என்ற பெயரில், சிறுகாட்டைக் குறிக்கும் ‘ஹுல்ட்’ உள்ளே கிடக்க, அதன் மேல் ‘மோலா’ ஏறி அமர்ந்திருக்கிறது.

சிக்கல் ‘டோர்ப்’ ஈற்றில் வந்தது. தாய்க்கிராமத்திலிருந்து பிரிந்து சென்றோர் அமைத்த புதுக்குடியிருப்பு என்பது அதன் பழம்பொருள். தெற்கே ஸ்கோனே மாநிலத்தில் அது மிகுதியாக இருக்க வேண்டும். என் வரைபடத்திலோ எதிர்பார்த்த அடர்த்தி இல்லை. அங்கே அச்சொல் ‘ஆர்ப்’ எனவும் ‘ரூப்’ எனவும் தேய்ந்திருப்பதை அறியாமல், ஒரே சொல்லுக்கு மூன்று நிறம் தீட்டியிருந்தேன். 1658 வரை ஸ்கோனே டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. ‘ரூப்’ டென்மார்க்கில் இன்றும் மலிந்த ஈறு என்பதை நினைத்திருந்தால் ஒரு வார உழைப்பு மிஞ்சியிருக்கும்.

மூன்றையும் ஒரே நிறமாக்கிய பின் நாடு முழுவதும் புள்ளிகள் தெறித்தன. பிற்காலத்தில் பண்ணை நிலத்தின் ஓரத்தில் குத்தகைக்குக் குடியிருந்தவரின் சிறுவீடும் ‘டோர்ப்’ எனப்பட்டதால், இடைக்காலக் கிராமமும் 19ஆம் நூற்றாண்டுக் குடிசையும் என் படத்தில் ஒரே வயதினவாக நின்றன. தரவில் தனிவீடு எனக் குறிக்கப்பட்டவற்றை நீக்கியதும் படம் ஓரளவு தெளிந்தது, முழுமையாக அன்று.

‘சாலா’ ஈறு இன்னும் நன்றாக ஏமாற்றியது. உப்சாலாவில் அது மண்டபத்தைக் குறிக்கிறது. ஆனால் பேராயரின் இருக்கை 1273இல் எஸ்த்ரா ஆரூஸ் என்ற ஊருக்கு மாற்றப்பட்டபோது பெயரும் உடன் சென்றுவிட்டதால், நான் புள்ளியிட வேண்டிய இடம் இன்றைய நகரமன்று, அதற்கு வடக்கே உள்ள பழைய உப்சாலா. ஊடென்சாலாவிலோ மண்டபமே இல்லை: பழைய ஆவண வடிவங்களில் அது ஊடென் தெய்வத்தின் ‘ஹார்க்’, அதாவது கற்குவியலான வழிபாட்டிடம்.

ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் இன்றைய ஈறு, மிகப் பழைய ஆவணத்தில் உள்ள ஈறு என அட்டவணையில் இரண்டு பத்திகள் வைத்து, இரண்டாவதைக் கொண்டே நிறமிடுகிறேன். உப்சாலாவிலுள்ள ஆய்வு நிறுவனத்தின் ஊர்ப்பெயர்ப் பதிவேட்டு அட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பதால் வேலை ஆமை நடையில்தான் நகர்கிறது. ஸ்கோனேயில் பாதியைத் தாண்டவில்லை.