ஸ்காபா ஃப்ளோ: நாட்குறிப்பு

மே 9, சனி

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகள், ஸ்ட்ரோம்நெஸ் துறைமுகம். முதல் உலகப் போர் முடிந்தபின் ஸ்காபா ஃப்ளோ விரிகுடாவில் மூழ்கிய ஜெர்மன் போர்க்கப்பல்களைப் பார்க்க வந்திருக்கிறேன். சிலிண்டர், டிரைசூட் (நீர் புகாத உடை), எடைகள் எல்லாம் படகில் ஏற்றியாயிற்று. இடது காது மட்டும் அடைத்தபடியே இருக்கிறது. அந்தக் கப்பல்களில் ஒன்றான மார்க்கிராஃப் கிடப்பது 45 மீட்டர் ஆழத்தில்.

மே 10, ஞாயிறு

டிரெஸ்டன் கப்பல். தண்ணீர் 9 டிகிரி. முகத்தில் பட்டதும் நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது. அப்புறம் உதடு மரத்துவிட்டது. மூச்சு விடும் ரெகுலேட்டர் வாயில் இருக்கிறதா என்று பல்லால் கடித்துத்தான் தெரிந்துகொண்டேன். கயிற்றைப் பிடித்தபடி, மூக்கை அழுத்தி அழுத்தி, மீட்டர் மீட்டராக இறங்கினேன். காது வழிவிட்டது! மே மாதத்துக் கடல் கலங்கிய பச்சை. டார்ச் அடித்தால் வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கடல் சாமந்திகள். இடுக்கெல்லாம் மெல்லிய கைகளை நீட்டும் நட்சத்திர மீன்கள். இரும்பைக் காணவே தேட வேண்டியிருந்தது.

மே 11, திங்கள்

கார்ல்ஸ்ரூஹே. எந்திர அறைப் பக்கம் வெடிவைத்துக் கிழித்திருக்கிறார்கள். உலோக வியாபாரம். அணுகுண்டுக் காலத்துக்கு முந்தைய, கதிர்வீச்சு கலக்காத எஃகுக்கு அப்போது கதிர்வீச்சு அளக்கும் கருவிகளுக்காக நல்ல கிராக்கி. பார்க்கவே மனசு ஆறவில்லை. 2001 முதல் மிச்சமிருக்கும் ஏழு பெரிய கப்பல்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. எவ்வளவு தாமதமாக வந்த சட்டம்!

இரவு காதில் குத்தல்.

மே 12, செவ்வாய்

காற்று. ஒரு டைவும் இல்லை. ஹோய் தீவின் லைனெஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம்.

1919 ஜூன் 21 அன்று அட்மிரல் ராய்ட்டர் கட்டளையிட, ஜெர்மானியர்கள் தங்கள் கப்பல்களின் வால்வுகளைத் தாங்களே திறந்துவிட்டார்கள். போர்நிறுத்தத்துக்குப் பிறகு இங்கே அடைபட்டிருந்த 74 கப்பல்களில் 52 மூழ்கின. அன்று பிரிட்டிஷ்காரர்கள் சுட்டு ஒன்பது பேர் செத்தார்கள். மார்க்கிராஃபின் கேப்டன் ஷூமான் அவர்களில் ஒருவர். போர் ஓய்ந்து ஏழு மாதம் ஆன பிறகு. அவர் கல் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

அதே தோட்டத்தில் ராயல் ஓக் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் ஆட்களும் இருக்கிறார்கள். 1939 அக்டோபர் 14 அதிகாலை, யு-47 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி விட்ட டார்பிடோவில் 800 பேருக்கு மேல் போனார்கள். பதினெட்டு நிரம்பாத பையன்களே நூற்றுக்கும் மேல். பெரும்பாலோர் இன்னும் கப்பலுக்குள்ளேதான். அங்கே யாரும் இறங்க அனுமதி இல்லை, அது சரிதான். ஆனால் ஜெர்மன் கப்பல்களை “ஆள் இல்லாத கப்பல்கள்தானே” என்று படகில் ஒருவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. ஷூமான்?

மே 13, புதன்

க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம்! போர்க்கப்பல் தலைகீழாகக் கவிழ்ந்து, மேலே கூரைபோல் அடிப்பகுதி. அதன் நிழலுக்குள் நுழைந்து டார்ச்சைத் திருப்பினால் 30.5 சென்டிமீட்டர் பீரங்கிக் குழாய். கையுறையோடு பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன், தொடவில்லை. குழாயின் ஓரத்தில் ஒரு நண்டு இடுக்கியைத் தூக்கிக்கொண்டு நின்றது. மேலே தகடுகள் வருஷா வருஷம் உட்கார்ந்துகொண்டே வருகின்றன. இந்த இடைவெளி எத்தனை நாளைக்கு?

காது சத்தம் போடவில்லை.

மே 14, வியாழன்

மார்க்கிராஃப் இன்று இல்லை. மறுபடி காற்று. படகு கேப்டன் நாளைக்கு என்கிறார்.

மே 15, வெள்ளி

ஆறு மணி. கடல் அடங்கியிருக்கிறது. இடது காது அடைத்திருக்கிறது. எட்டு மணிக்குள் திறக்காவிட்டால் நான் இறங்கப் போவதில்லை, கூட இறங்கும் ஜோடியிடம் சொல்லிவிட்டேன்.