லைட்டைப் போட்டுவிட்டுக் கேட்ட பாட்டு

நேற்று ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோமஸ் என்ற ஆங்கில நாட்டுப்புற இசைக் குழுவின் முதல் ஆல்பத்தைப் போட்டேன். 'ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்', 1971. இரண்டு பாட்டு முடிந்ததும் எழுந்துபோய் ஹால் லைட்டைப் போட்டுவிட்டு வந்துதான் மீதியைக் கேட்டேன். சத்தியமாக.

லண்டன் ஓரத்தில் பிராம்லி என்ற ஊர். அங்கே ஓவியக் கல்லூரியில் பழக்கமான ரோஜர் வூட்டனும் க்ளென் கோரிங்கும் ஆரம்பித்த குழு. பெயர், ஆங்கிலக் கவிஞர் மில்டனின் நாடகத்தில் வரும் மந்திரவாதியுடையது. நாட்டுப்புற இசை என்றால் வயல், வசந்தம், காதல் என்று நினைத்துக்கொண்டு போனால் தொலைந்தோம். இங்கே கொலையும் பைத்தியமும்தான். ராக் குழுக்களின் டிரம் செட் இல்லை. கையால் தட்டும் தாளம்தான். அக்கூஸ்டிக் கிட்டார், வயலின், புல்லாங்குழல், ஓபோ என்ற ஊதுகுழல். இதை வைத்துக்கொண்டே பதினோரு, பன்னிரண்டு நிமிஷப் பாட்டெல்லாம் கட்டியிருக்கிறார்கள்.

'டயானா' பாட்டில் வூட்டனின் குரல் ஆடு கத்துவது மாதிரி நடுங்கும். மேலே குழுவின் பாடகி பாபி வாட்சனின் குரல் ஊசியாக ஏறும். அப்புறம் 'தி ஹெரால்ட்' வந்து, ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல, அமைதியாகத் தடவிக்கொடுக்கும். எனக்கு அதுதான் உச்சம்.

வந்தபோது விற்கவில்லை. பிற்பாடு ஸ்வீடனின் மெட்டல் குழுவான ஓபெத் தங்கள் ஆல்பம் ஒன்றுக்கு இதிலிருந்துதான் ஒரு வரியை எடுத்துத் தலைப்பாக வைத்தார்கள்.

அட்டையில் முறுக்கிக்கொண்டு கிடக்கும் அந்த உருவம் இருக்கிறதே, வூட்டனே வரைந்தது. பால்பாயிண்ட் பேனாவால்!