நல்லதண்ணியில் ஏறி இரத்தினபுரியில் இறங்கினோம்

இலங்கையின் சிவனொளிபாத மலைக்குப் போவதற்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் திட்டமெல்லாம் போட மாட்டார்கள். மஸ்கெலியா பஸ், மலையடிவாரத்து நல்லதண்ணி, ஏறு, இறங்கு, அவ்வளவுதான். இந்த முறை மலையின் மறுபக்கம், இரத்தினபுரிப் பக்கம் இறங்கலாம் என்று தம்பி பிடிவாதம் பிடித்ததால்தான் தாளும் பேனாவும் எடுக்க வேண்டி வந்தது.

நாள் பார்ப்பது சுலபம். மார்கழிப் போயா, அதாவது பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான் சீசன். மற்ற மாதங்களில் படிகளில் விளக்கு எரியாது, மழையும் அட்டையும்தான். சீசனிலும் போயாவையும் வார இறுதியையும் விட்டுவிட்டோம். அந்த நாட்களில் உச்சிக்குக் கீழே வரிசை நகரவே நகராது.

உச்சியில் சூரியோதயம் பார்க்க வேண்டும் என்பதால் நேரத்தைத்தான் பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். பெப்ரவரியில் சூரியன் ஆறரை வாக்கில் உதிக்கும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், கூட வருவது அறுபது தாண்டிய பெரியம்மா, இடையில் தேத்தண்ணி. ஆக, இரவு ஒன்றரைக்குக் கிளம்பினால் சரி. "பத்து மணிக்கே ஏறி இடம் பிடிச்சிடலாமே" என்றான் தம்பி. 2243 மீற்றர் உயரக் காற்றில், வேர்த்த சட்டை முதுகில் சில்லென்று ஒட்ட, விடியும் வரை குந்தியிருந்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மாற்றுச் சட்டையைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

சிக்கல் இறக்கத்தில்தான். இரத்தினபுரி வழி நீளமானது, உச்சியை விட்டதுமே செங்குத்து. பெரியம்மாவே முடிவு சொல்லிவிட்டார்: "ஏறுறதுக்குப் பயமில்ல தம்பி, எறங்கும்போதுதான் முட்டி பிடிக்கும். நான் சித்தப்பாவோட வந்த வழியே போறேன்." நல்லதாய்ப் போயிற்று. கனமான பைகளை அவர்களோடு நல்லதண்ணி அறையிலேயே விட்டுவிட்டோம்.

இறங்கும் வழியில் ஹெரமிட்டிபானை என்ற இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது: ஒன்று குருவிட்ட, எரத்தனைப் பக்கம், மற்றது பலாபத்தலைக்கு. வழி தெரிந்தவர் போல் தம்பி முன்னே நடந்தாலும் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் திரும்பினேன். காட்டு நிழலில் வெயில் தெரியவில்லை, தொடைதான் நடுங்கியது.

பலாபத்தலையில் பஸ் பிடித்து இரத்தினபுரி, அங்கிருந்து அவிசாவளை, பிறகு ஹட்டன் பஸ். மலையைச் சுற்றிக்கொண்டு வருவதற்கு ஏறிய நேரத்தைவிட அதிகம் ஆகும் போலிருந்தது. அவிசாவளையில் நிற்கும்போது பெரியம்மா போன் எடுத்தார். குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டாயிற்றாம்.