லைசென்ஸ் இல்லாமல் டென்வரிலிருந்து வீடு வந்தது

2024 ஏப்ரல், அமெரிக்காவின் டென்வர். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விமான நிலைய ஷட்டில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பின் பாக்கெட் லேசாக இருந்தது. பர்ஸைக் காணோம். காருக்குள்ளும் இல்லை என்று போனில் சொல்லிவிட்டார்கள். டிரைவிங் லைசென்ஸ், பேங்க் கார்டு எல்லாம் அதில்தான். பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில்.

மனைவி பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பினாள். போனில் உள்ள படம் அடையாள அட்டை ஆகாது, மனதுக்கு ஒரு தெம்பு அவ்வளவுதான். போர்டிங் பாஸ் போனிலேயே இருந்தது. பெட்டி எதுவும் போட வேண்டியதில்லை என்பதால் கவுண்டர் பக்கம் போகாமல் நேராகப் பாதுகாப்புச் சோதனை வரிசைக்குப் போனேன். உள்நாட்டுப் பயணம் என்பதால் தப்பித்தேன். வெளிநாடு என்றால் பாஸ்போர்ட் இல்லாமல் பேச்சே கிடையாது.

குற்றத்தை ஒப்புக்கொள்பவன் மாதிரி நான் விஷயத்தைச் சொல்ல, டிஎஸ்ஏ (விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையைப் பார்க்கும் அரசு அமைப்பு) அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தாமல் மேலதிகாரியைக் கூப்பிட்டார். தினம் பார்க்கிற கூத்து போலிருக்கிறது.

வந்த அம்மா ஒரு படிவம் கொடுத்தார். பெயர், முகவரி, கையெழுத்து. பதற்றத்தில் கை பழக்கதோஷமாக, அப்பா பெயரின் இனிஷியலை முன்னால் போட்டு என் பெயரை எழுதிவிட்டது. போர்டிங் பாஸிலோ அப்பா பெயர் முழுசாகக் கடைசிப் பெயராக நிற்கிறது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் புதுப் படிவம் ஒன்றை நீட்டினார்.

பிறகு எங்கோ ஒரு மையத்துக்குப் போன் போட்டு, அங்கிருந்து வரும் கேள்விகளை என்னிடம் கேட்டார். 2012 இல் எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள்? எட்டே மாதம் இருந்த வீடு. பீட்சா ஆர்டர் செய்யும்போதெல்லாம் எழுத்துக்கூட்டிச் சொன்ன தெரு என்பதால் பெயர் வந்துவிட்டது. அடுத்து, மனைவி பிறந்த மாதம். இங்கேதான் மாட்டினேன். வீட்டில் கொண்டாடுவது ஒரு மாதம், பள்ளியில் சேர்க்கும்போது மாமனார் கொடுத்தது வேறு மாதம். அவர்கள் கையில் இருப்பது காகிதத்தில் உள்ளதாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, சான்றிதழ் மாதத்தைச் சொன்னேன். அந்த அம்மா போனில் "ம்... ம்..." என்றார். அந்த இடைவெளியில் கை வியர்த்துவிட்டது.

சரி என்றார்கள். அதற்குப் பிறகு தனிச் சோதனை: உடம்பைத் தடவிப் பார்த்தார்கள், பையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள், உள்ளங்கையில் ஒரு துண்டுத் துணியைத் தேய்த்து வெடிமருந்துத் தடயம் பார்க்கும் இயந்திரத்தில் விட்டார்கள். மொத்தம் 40 நிமிடம். மூன்று மணி நேரம் முன்னதாகப் போனதால் பிழைத்தேன்.

அன்று எனக்கு ஒரு பைசா செலவில்லை. 2026 பிப்ரவரி 1 முதல், இப்படி அடையாள அட்டை இல்லாமல் வருபவர்களைச் சரிபார்க்க டிஎஸ்ஏ 45 டாலர் வாங்குகிறது. கன்ஃபர்ம் ஐடி என்று பெயர், கட்டினால் 10 நாள் செல்லும். முன்பே ஆன்லைனில் கட்டி ரசீதோடு போவது உத்தமம். கட்டியும் ஆள் யாரென்று உறுதியாகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னேன். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நிஜப் பிறந்தநாள் என்னைக்கு, சொல்லுங்க பார்ப்போம்" என்றாள்.