குடல் அறுவைக்குப் பின் குரோன் நோய் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் என் அனுபவம்

குரோன் என்னும் நாள்பட்ட குடல் அழற்சி நோய்க்காக, சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பெருங்குடல் தொடங்கும் இடத்தையும் வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வருஷக்கணக்காக இருந்த வலி போயே போச்சு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் முகம் தெளிந்துவிட்டது என்றார்கள். மருந்துப் பையைப் பார்த்த ஆயாவுக்குத்தான் புரியவில்லை: "அதான் அறுத்து எடுத்துட்டாங்களே கண்ணு, அப்புறம் எதுக்கு இத்தனை மாத்திரை?"

நியாயமான கேள்வி. ஆனால் குரோன் நோயை அறுவையால் குணப்படுத்த முடியாது. கெட்டுப்போன துண்டை எடுக்கலாம், அவ்வளவுதான். பெரும்பாலும் தையல் போட்ட இடத்துக்குச் சற்று மேலே, சிறுகுடல் பக்கம் அது மறுபடி தலைகாட்டும். பெல்ஜியத்தின் பால் ருட்கீர்ட்ஸ் குழு 1990இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை முடிந்த ஒரு வருடத்துக்குள் 73 சதவீதம் பேருக்குக் குடலில் புண் தெரிந்தது. உடம்பில் தொந்தரவு இருந்ததோ 20 சதவீதம் பேருக்குத்தான். வலி இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

மருத்துவர் முதலில் கேட்டது புகை பிடிப்பேனா என்று. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. பிடிப்பவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அப்புறம் மூன்று மாதம் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை. நாக்கில் எப்போதும் இரும்புச் சுவை. அம்மா வைக்கும் ஷுகர் பீன்ஸ் கறிகூட இறங்கவில்லை. விரல்களில் மதமதப்பு வந்தால் உடனே சொல்லச் சொன்னார்கள். எனக்குக் குடலில் ஓட்டை விழுந்து சீழ் கட்டியிருந்ததால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்று, உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதியோபிரினும் சேர்ந்தது. அது வெள்ளணுக்களைக் குறைக்கலாம், கல்லீரலையும் தொடலாம். அதனால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. தோல் புற்றுநோய் ஆபத்தும் கொஞ்சம் கூடும். டர்பன் வெயிலில் தொப்பி இல்லாமல் நான் வெளியே போவதில்லை.

ஆறாம் மாதம் கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுக் குடலைப் பார்ப்பது. இதுதான் முக்கியமான கட்டம். முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்யும் உப்புக் கரைசலைக் குடிப்பது கஷ்டம்தான், மறுக்கவில்லை. மருத்துவர் பிறகு படங்களைக் காட்டினார். இளஞ்சிவப்பான குடல் சுவரில், தையலுக்கு மேலே, நடுவில் வெளுத்துச் சுற்றிலும் சிவந்த குட்டிக் குட்டிப் புண்கள். ஐந்துக்கும் மேல் இருந்தன, இடையில் சுவர் நன்றாகவே இருந்தது. நோய் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் ருட்கீர்ட்ஸ் அளவுகோலில் அது ஐ2 (i2). சுத்தமாக இருந்தால் ஐ0, மிக மோசமென்றால் ஐ4. அன்று எனக்கு ஒரு வலியும் கிடையாது, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஐ2 என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வு இந்த வழியைத்தான் சோதித்தது. ஆறு மாதத்தில் கொலோனோஸ்கோப்பி பார்த்து, தேவைப்பட்டால் மருந்தைக் கூட்டிய குழுவில் 49 சதவீதம் பேருக்கும், அப்படிப் பார்க்காதவர்களில் 67 சதவீதம் பேருக்கும் 18 மாதத்தில் குடலில் நோய் திரும்பியிருந்தது. முழுப் பாதுகாப்பு இல்லைதான், ஆனால் எனக்கு அந்த வித்தியாசம் பெரிது.

எனக்கு அழற்சியை அடக்கும் அடலிமுமாப் ஊசி என்று முடிவானது. அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே. நம் நாட்டில் காசநோய் பரவலாக இருப்பதால் இதைத் தட்டிக்கழிக்கவே முடியாது. உள்ளே ஒளிந்திருக்கும் கிருமியை இந்த ஊசி எழுப்பிவிடலாம்.

மெடிக்கல் எய்ட், அதாவது எங்கள் மருத்துவக் காப்பீடு, முதலில் ஊசியை மறுத்தது. குரோன் நோய் இங்கே சட்டப்படி காப்பீடு தர வேண்டிய நாள்பட்ட நோய்கள் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் எந்த மருந்து என்பதில் இழுபறி வரும். கே50 என்ற நோய்க் குறியீடு, அறுவை அறிக்கை, திசுப் பரிசோதனை முடிவு, கொலோனோஸ்கோப்பிப் படங்கள், மருத்துவரின் விளக்கக் கடிதம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து மேல்முறையீடு செய்தோம். அப்புறம்தான் கிடைத்தது. படங்களின் நகலை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஊசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். மின்வெட்டு நேரத்துக்கென்று ஐஸ் கட்டியோடு ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறோம். ஆனால் மருந்து உறையக் கூடாது, அதனால் ஐஸ் மேல் நேராக வைப்பதில்லை.

வெட்டியெடுத்த பகுதியில்தான் வைட்டமின் பி12 உறிஞ்சப்படும் என்பதால் அதற்குத் தனி ஊசி. சாப்பிட்டவுடன் தண்ணீராகப் போனபோது நோய் வந்துவிட்டதோ என்று பதறினேன். பித்த உப்பு பெருங்குடலில் இறங்குவதால் வருவது என்று சொல்லி கொலெஸ்டிரமின் பொடி தந்தார்கள், நின்றது. அடுத்த கொலோனோஸ்கோப்பியில் ஐ1. இப்போது சில மாதங்களுக்கு ஒருமுறை மலத்தில் கால்புரொடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தைப் பார்க்கிறார்கள். அது ஏறினால் மறுபடி கொலோனோஸ்கோப்பி.