நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிட்டேன், வேலைதான் இன்னும் இல்லை

டெக்சாஸில் 6 வருடம் ஐசியூ நர்ஸாக இருந்துகொண்டே, நைட் ஷிப்ட் முடிந்து வந்து படித்து, குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர் (மேல்படிப்பு முடித்து, நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸ்) முதுகலை முடித்தேன். தேசியச் சான்றிதழ் தேர்வும் பாஸ். 5 மாதம் ஓடிவிட்டது.

எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் 2 வருட அனுபவம் கேட்கிறார்கள். ஐசியூவில் பார்த்த 6 வருடம் அந்தக் கணக்கில் வராதாம். ஒரு கிளினிக்கில் நேர்காணல் நன்றாகத்தான் போனது, ஆனால் முதல் வாரத்திலிருந்தே தினமும் 25 நோயாளிகளைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள் என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் தவறினால் பாதிப்பு நோயாளிக்குத்தானே?

இன்னொரு தடையும் உண்டு: டெக்சாஸில் நாங்கள் மருந்து எழுத ஒரு மருத்துவருடன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும்; பக்கத்து நியூ மெக்சிகோவில் அது தேவையில்லை. அப்புறம், வேலையில் சேர்ந்தாலும் காப்பீட்டு நிறுவனங்கள் நம்மைப் பட்டியலில் சேர்க்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை நாம் பார்க்கும் நோயாளிகளுக்குப் பணம் வருவது சிரமம் என்பதால் சின்ன கிளினிக்குகள் தயங்குகின்றன. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது.

இப்போது அரசு நிதியில் நடக்கும் சமூக சுகாதார மையங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். சிலவற்றில் புதியவர்களுக்கென்றே ஒரு வருடப் பயிற்சி இருக்கிறது. 2007-ல் கனெக்டிகட்டில் தொடங்கிய முறை அது. சம்பளம் குறைவுதான், சரி, ஆனால் சந்தேகம் வந்தால் கேட்க ஒருவர் இருப்பார். வியாழக்கிழமை ஒரு நேர்காணல் இருக்கிறது, வீட்டிலிருந்து 3 மணி நேரப் பயணம்.